கடகடாவை ஓட்டும் அந்த ஆள்

தையற்கடை,
ஜனவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறையொன்றுமில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர் வெயில் உன்னை என்ன பாடு படுத்துகிறது என்பதை முதலில் எழுது.

நீ விட்டுவிட்டுப் போன வண்டி கடைக்குப் பக்கத்துச் சந்தில் நின்றது நின்றபடி நிற்கிறது. மூடியிருந்த தார்ப்பாய் கிழிந்துவிட்டது. துணி வாங்க வருகிறவர்கள் அதன் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு, "இன்னும் ஆகலையா?" என்று என் உயிரை வாங்குகிறார்கள். ஒரு டயரில் காற்று இறங்கி வண்டி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் அக்கா மாதிரியே இருக்கிறது.

அக்கா என்றதும் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் நடத்திய டிரைவிங் ஸ்கூலின் போர்டை இறக்கியதிலிருந்து அவள் என் கடையில்தான் இருக்கிறாள். பொத்தான் தைக்கிறாள், ஓரம் மடிக்கிறாள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்து முடிப்பதற்குள் வாசலுக்கும் மிஷினுக்குமாக நடந்து தீர்க்கிறாள். தெருவில் எவனாவது கியரைக் கரகரவென்று மாற்றினால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பல்லைக் கடிக்கிறாள். உன் பெயரை மட்டும் எடுப்பதில்லை. நீ புறப்பட்ட அன்றைக்கு மூடிய வாய். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. காரணம் கேட்டால், "அவனையே கேளுங்க" என்கிறாள். சரி, உன்னையே கேட்கிறேன். என்னப்பா செய்தாய்?

இன்னொரு விஷயம். மார்க்கெட்டில் மொத்தமாக முட்டை விற்கிறவர் நேற்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "டீசல் வண்டிதானே? குடுக்குற மாதிரி இருந்தா சொல்லுங்க" என்றார். வண்டி உன் பெயரில் இருக்கிறது. என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
அத்தான்


ஜெனரேட்டர் கொட்டகை,
ஜனவரி 30

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் சாமான் லாரியில் வந்து சேர்ந்தது. இங்கே டெலிபோன் ஆபீஸ் அறையில் ஒன்றுதான், அதையும் கம்பெனி வேலைக்கு மட்டும்தான் தொடலாம். ஆகவே லாரி வருகிற நாள்தான் எங்களுக்குத் தபால் நாள். நான் சுகமாக இருக்கிறேன். வெயிலில் கறுத்துவிட்டேன், அவ்வளவுதான். உங்கள் இடுப்பு வலி தேவலையா? குனிந்தே தைக்காதீர்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. வேலை கிடைத்தது, வந்தேன். வரும்போது அக்காவுக்குச் சுமை வேண்டாம் என்று வண்டியை ஒழுங்குபடுத்தித்தான் வைத்தேன். அவள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற பக்கத்தில் தனியாக இருந்த பிரேக்கையும் கிளட்ச்சையும் கூடக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றால் எவனும் வாங்கமாட்டான். இப்போது அது சாதாரண வீட்டு வண்டி.

முட்டைக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். இங்கே இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறார்கள், ஜூலை முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி கைமாறிவிட்டால் என்னை அங்கே இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை. போட்டுவிடுவேன். மனசு இங்கும் அங்குமாக அலைவது நிற்கும். பெரிய என்ஜின்கள் நாள் முழுக்க ஓடுகிற இடத்தில், நானும் அதே மாதிரி கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன்.

அதற்குள் வண்டியை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பேட்டரியைச் சார்ஜ் போடுங்கள். சாவியைப் பாதி திருப்பியதும் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டீசல் என்ஜினுக்குச் சூடு ஏறினால்தான் பேச்சு வரும். நின்ற இடத்திலேயே உறுமவிட்டு அணைத்தால் உள்ளே கரி கட்டிக்கொள்ளும். வாரம் ஒரு தடவையாவது நல்ல ரோட்டில் தூரமாக ஓட்டிவிட்டு வர வேண்டும். ஓட்டத் தெரிந்த ஆளாகப் பாருங்கள். நீங்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கேட்கமாட்டாள், இருந்தாலும்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்


தையற்கடை,
பிப்ரவரி 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமாக இருக்கிறாய் என்று படித்து நிம்மதி. என் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது, அது என் கூடப் பிறந்தது.

என் கெட்ட நேரம், போன கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் உன் அக்கா படித்துவிட்டிருக்கிறாள். உன் பதில் வந்த அன்றுதான் சொன்னாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நீங்க அவனுக்கு எழுதுங்க, என்ன வேணா எழுதுங்க. என்னைப் பத்தி ஒரு வார்த்தை எழுதினீங்க, அப்புறம் உங்க பொத்தானை நீங்களே தெச்சுக்கணும்" என்றாள். நான் பயந்த சுபாவம் என்பது உனக்குத் தெரியும். ஆகவே இனிமேல் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. வண்டியைப் பற்றி மட்டும்தான்.

வண்டியை ஸ்டார்ட் செய்தேன். சுருள் விளக்குக்குக் காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். கடகடவென்று ஒரு சத்தம், சந்து நிறைய வெள்ளைப் புகை, டீக்கடைக்காரர் வாளியோடு ஓடிவந்தார். பிறகு நின்றுவிட்டது. மறுபடி திருப்பினால் இருமுகிறதே தவிர பிடிக்கவில்லை. டேங்கில் டீசல் சுத்தமாகத் தீர்ந்திருக்கிறது. ஒரு கேன் வாங்கி ஊற்றினேன். அப்போதும் பிடிக்கவில்லை. நான் சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியைக் கொன்றுகொண்டிருந்தபோது, தெரிந்த ஆள் ஒருவர் வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"டீசல் குழாயில காத்து ஏறியிருக்கு. எறங்குங்க" என்றார். கையில் ஸ்பேனர். முதலில் ஃபில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்தி, அங்கேயே இருக்கும் சின்னக் கைப்பம்பை அமுக்கினார். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் இறுக்கினார். பிறகு டீசல் பம்பில் அதே வேலை. கடைசியாகத்தான் என்ஜின் தலைமேல் குழாய்கள் சேருகிற நட்டுகள். வேலை செய்யும்போதே, "டேங்க்லேருந்து என்ஜினுக்கு, டேங்க்லேருந்து என்ஜினுக்கு" என்று பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டார். நான் சாவியைத் திருப்பினேன். கடகடா எழுந்துகொண்டது. (பெயர் நான் வைத்ததுதான். வேறு எப்படிச் சொல்ல?)

முட்டைக்காரர் அவசரப்படவில்லை. "ஒரு லோடு முடியட்டும், வந்து ஓட்டிப் பாக்குறேன்" என்றார்.

அன்புடன்,
அத்தான்


ஜெனரேட்டர் கொட்டகை,
மார்ச் 4

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சுகம். நீங்கள் கேனும் கையுமாக நின்றதை நினைத்துச் சிரித்ததில் என்னோடு வேலை செய்கிற வெல்டர் என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டான்.

அந்தத் தெரிந்த ஆள் யார்? நம் தெருவில் எனக்குத் தெரியாத மெக்கானிக் யார் வந்தார்? எவ்வளவு நாளாகத் தொழிலில் இருக்கிறார்? நான் பார்த்தவரையில் எல்லா மெக்கானிக்கும் காற்று எடுக்கும்போது எங்கே கை எட்டுகிறதோ அங்கே திருகை அவிழ்ப்பார்கள். இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவரை விட்டுவிடாதீர்கள். வெள்ளைப் புகை பெரிய விஷயமில்லை, உள்ளே சூடேற்றும் பிளக் ஒன்று போயிருக்கும். ஃபில்டரின் அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு, அதைத் திறந்து தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள்.

அந்த ஆளே வாரம் ஒரு தடவை ஓட்டுவாரா என்று கேளுங்கள். யார் என்று கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்


தையற்கடை,
மார்ச் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அனைவரும் நலம். உன் நலம் தொடரட்டும்.

ஆள் யார் என்று கேட்காதே. நல்ல ஆள். குடிப்பதில்லை, கைசுத்தம், கொஞ்சம் முன்கோபம். போதுமா?

பிளக் மாற்றியாகிவிட்டது. தண்ணீர் வடித்தாகிவிட்டது. வாரம் ஒரு தடவை என்றாய். அந்த ஆள் இப்போது ஒன்றுவிட்டு ஒருநாள் எடுத்துக்கொண்டு போகிறார். விடிந்ததும் போனால், நான் கடை திறந்து இரண்டு பேருக்கு அளவெடுத்து முடிக்கும்போதுதான் வருகிறார். எங்கே போகிறார் என்றால், "ரோடு இருக்கிற வரைக்கும்" என்கிறார். கேட்கவே எனக்குக் கைகால் ஓடவில்லை. நேற்று ஒரு கால்சட்டைக்கு இரண்டு இடது காலாக வெட்டிவிட்டேன்.

அந்த ஆள் உன்னிடம் கேட்கச் சொன்னவை. வேகம் எடுக்கும்போது கறுப்புப் புகை வருகிறது. மூன்றாவது கியரில் ஏற்றத்தில் இழுவை குறைகிறது. ஆனால் சத்தத்தில் மாற்றமில்லை, எண்ணெயும் குறையவில்லை. ஆகவே இன்ஜெக்டர் இல்லை, காற்றுப் பாதைதான் என்று அந்த ஆள் நினைக்கிறார். "அவன் என்ன சொல்றான்னு பாப்போம்" என்றார். இதில் எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அத்தான்


ஜெனரேட்டர் கொட்டகை,
ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொட்டகை வாசலில் நின்றபடியே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

அந்த ஆள் நினைப்பது சரி. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால், "அவன் என்ன சொல்றான்னு பாப்போம்" என்று முன்பின் தெரியாத மெக்கானிக் என்னைப் பற்றிச் சொல்வாரா அத்தான்? எனக்குக் காது குத்தி ரொம்ப நாளாகிறது.

சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் கொடுத்த வாக்கு உங்களோடு. அந்த ஆளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாள் முழுக்கப் பெடலை மிதித்து மிதித்து அந்த மாதிரி ஆட்களுக்கு இடது முட்டியில் வலி வரும். இப்போது எப்படி இருக்கிறது? கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது செய்கிறாரென்றால், அது அவருக்குப் பிடித்திருக்கிறதா? என்மேல் ஏதோ கோபம் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன கோபம் என்று அந்த ஆள் ஒரு வரி எழுதினால் நான் இங்கே கொஞ்சம் உட்காருவேன். மேனேஜர் ஒப்பந்தத் தாளை எனக்கு முன்னால் வைத்துவிட்டார். "யோசிக்க என்னப்பா இருக்கு?" என்கிறார். எனக்கும் தெரியவில்லை.

உங்கள் இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்


தையற்கடை,
ஏப்ரல் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் படித்து உடம்பைவிட உன் மனசைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முதலில் வண்டி. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது. மெத்தை முழுக்க என் கடைத் துணித்துண்டுகள்! போன வருஷம் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்த கோட்டின் உள்பட்டுகூட இருந்தது. அதைச் சுத்தம் செய்ததும் புகையும் நின்றது, இழுவையும் வந்தது. அந்த ஆள் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார்.

முட்டி வலி இருக்கிறதாம். மற்றக் கேள்விகளை நான் உரக்கப் படித்தபோது அந்த ஆள் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு முட்டைக்காரர் வந்தார். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அவர் ஸ்டியரிங்கில், அந்த ஆள் பக்கத்தில், நான் பின்னால் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. சந்தைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

"கிளட்ச்சுல காலை வெச்சுக்கிட்டே போகாதீங்க. எடுங்க."

"எடுத்துட்டேங்க."

"எடுக்கலை. கருகுற வாசனை வருது."

"அது முட்டை லோடு ஏத்திப் பழகின கால்..."

"முட்டை ஏத்துற ஆளு இப்படியா குலுக்குறது? ரெண்டுக்கு மாத்துங்க. பாக்காம மாத்துங்க. கியர் எங்கேயும் ஓடிடாது."

திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. முட்டைக்காரர் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அந்த ஆளின் வலது கால் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே மிதிக்க ஒன்றுமில்லை. வண்டி எப்படியோ நின்றது, சைக்கிள்காரர் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். அந்த ஆள் தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் உட்கார்ந்து பார்த்த எனக்கே கஷ்டமாக இருந்தது மாப்பிள்ளை.

முட்டைக்காரருக்கு வண்டி பிடித்துவிட்டது. "வண்டியும் வேணும், கூடவே இவங்க ஒரு மாசம் பக்கத்துல உக்காந்து சொல்லியும் குடுக்கணும்" என்கிறார். உன் சம்மதத்தை இன்னொரு தடவை கேட்டு முடித்துவிடலாம் என்று அவரைக் காக்க வைத்திருக்கிறேன். நான் மட்டும் உன் சம்மதம் வரக்கூடாது என்று இருக்கிறேன். அதை வெளிப்படையாகவே எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அத்தான்


ஜெனரேட்டர் கொட்டகை,
மே 12

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் மற்றவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்.

இரண்டு மனசாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. வண்டியை முட்டைக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். அந்த ஆளுக்கு என்னிடம் பேச ஒன்றுமில்லை என்றால் நான் யாருக்காக அதைப் பிடித்து வைத்திருப்பது?

முட்டைக்காரர் பாவம், லோடு ஏற்றிக்கொண்டு போய் நடுரோட்டில் டீசல் தீர்ந்து நிற்கக்கூடாது. ஆகவே காற்று எடுக்கும் முறையை நீங்கள் அப்படியே ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். முதலில் என்ஜின் தலைமேல் இருக்கிற குழாய் நட்டுகளைத் தளர்த்தி அங்கே காற்றை எடுக்க வேண்டும். அடுத்தது டீசல் பம்ப். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஃபில்டர். என்ஜினிலிருந்து டேங்குக்கு. எங்கள் டிரைவிங் ஸ்கூலில் எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். இத்தனை வருஷம் பெரிய என்ஜின்களோடு இருக்கிறவன் சொல்கிறேன், இதுதான் சரி. அந்தத் தெரிந்த ஆள் வேறு மாதிரி செய்ததாக எழுதியிருந்தீர்கள். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. அவரிடம் இதைக் காட்டி அவர் மனசைப் புண்படுத்த வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்


ஜெனரேட்டர் கொட்டகை,
ஜூன் 29

அன்புள்ள அத்தானுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? லாரி வந்து வந்து போகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? ரோட்டில் ஏதாவது ஆகிவிட்டதா? மூட்டைகளை இறக்குவதற்கு முன்னால் நான் தபால் பையைப் பிடுங்குகிறேன் என்று லாரிக்காரர் சலித்துக்கொள்கிறார்.

வண்டி போய்விட்டதா? போய்விட்டது என்றாலும் எழுதிவிடுங்கள். கையெழுத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. எனக்கு ராப்பகல் ஒரே யோசனை. நான் எழுதியதில் தப்பு இருந்தால் யாராவது என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மைத்துனன்


ஜூலை 8

டேய்,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. சுகமாக இருக்கிறவன் இப்படி ஒரு கடிதம் எழுதமாட்டான்.

என்ஜினிலிருந்து டேங்குக்கா? யாரிடம் படித்தாய் இதை? ஃபில்டரில் காற்றை வைத்துக்கொண்டு என்ஜின் தலையில் நட்டைத் தளர்த்தினால் அடியில் இருக்கிற காற்று மறுபடி மேலே வராதா? நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முதலில் ஃபில்டர், அப்புறம் பம்ப், கடைசியில்தான் என்ஜின் தலைமேல் இருக்கிற இன்ஜெக்டர் நட்டு. மழையில் நனைந்துகொண்டு ரோட்டோரத்தில் உனக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்தேன். அதற்கப்புறம் நம்மிடம் வந்த ஒவ்வொருவருக்கும் நீயே சொல்லிக்கொடுத்தாய். "எங்கள் ஸ்கூலில் இப்படித்தான்" என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா?

நீ வேண்டுமென்றே எழுதினாய் என்று எனக்குத் தெரியும். உன் அத்தான் அதைப் படித்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவர் ஒன்றும் புரியாமல், "என்ன, பேப்பர் எடுத்து எழுதிக் குடுத்திடவா?" என்று கேட்டார். பேப்பரைப் பிடுங்கிக்கொண்டேன். அவரையும் எழுத விடவில்லை. தூண்டிலில் மாட்டக் கூடாது என்று வாரக்கணக்கில் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு இருந்தேன். பொத்தானை மாற்றி மாற்றித் தைத்தேன். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். தப்பான வரிசை ஒன்று என் ஸ்கூல் பெயரில் கிடக்கிறது என்று நினைத்தாலே என்னால் உட்கார முடியவில்லை. மாட்டிக்கொண்டேன். போதுமா?

என்ன கோபம் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன். நீ போனதற்கு இல்லை. போ என்று சொன்னதே நான்தான். நீ புறப்படுகிற அன்று காலையில் வண்டியைத் துடைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். என் பக்கத்துப் பெடல்கள் இல்லை. ஓட்டையில் ரப்பர் வைத்து அடைத்திருந்தாய். அழகாக வேறு அடைத்திருந்தாய். பழைய இரும்புக்குப் போட்டது என்னுடைய கால்டா. நீ போனால் நான் தனியாக ஸ்கூலை நடத்துவேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அக்காவுக்கு இனி எதற்கு, அத்தான் கடை இருக்கிறது, நிம்மதியாக உட்காரட்டும் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வண்டியில் பயந்து நடுங்குகிற ஒருத்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இருக்கேன், விடுங்க" என்று சொல்கிற இடம்தான் என் இடம் என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்ததால் பேச வரவில்லை. அப்புறம் பேசாமலிருப்பதே பழகிவிட்டது. உன் கடிதங்களை அவர் டீக்கடைவரை கேட்கிற மாதிரி படிப்பார். நான் கேட்காத மாதிரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பேன். கோக்கவே வராது.

வண்டி விற்பதற்கில்லை என்று முட்டைக்காரரிடம் சொல்லிவிட்டேன். லேத் பட்டறையில் கம்பி வளைத்துப் புதுப் பெடல் வைத்தாகிவிட்டது. மறுபடி திறந்த ஸ்கூலுக்கு முட்டைக்காரரே முதல் ஆளாகப் பேர் கொடுத்திருக்கிறார். கிளட்ச்சில் இன்னும் காலை வைத்துக்கொண்டுதான் போகிறார், திருத்திவிடுவேன். போன வாரம் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அழுதுவிட்டாள். மூன்றாம் நாள் அவளே மார்க்கெட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள். உன் அத்தான் கடையில் இப்போது பொத்தான் தைக்க ஆளில்லை. அதற்கு அவர் புலம்புகிற புலம்பலைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கிறார் என்று தெரிகிறது.

வண்டியை விற்பதாக இருந்தால் என் பெயருக்கு மாற்று, வேறு யாருக்கும் கிடையாது. அங்கே கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம். திரும்பி வந்து இதைப் பார்த்துக்கொள் என்று நான் கேட்கமாட்டேன், எனக்கு நடத்தத் தெரியும். ஆனால் இங்கே உன்னை இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை என்று இன்னொரு தடவை எழுதினாயானால், லாரி பிடித்து அங்கேயே வந்து உன்னை அறைவேன். அந்த வரியை அவர் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கடிதத்தில் திட்டினால் பாதி தபாலிலேயே தேய்ந்துவிடுகிறது. மீதியை நேரில் வந்து வாங்கிக்கொண்டு போ.

அக்கா